கப்சாயில் கட்டிப்போக ஒரு கட்டில்

இருபத்தாறு வருடமாகத் தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னக் கடை. தீபாவளிக்கு ரவிக்கை, பள்ளி திறக்கும்போது சீருடை, மற்ற நாளில் தோட்டத்து ஆட்கள் கொண்டுவந்து போடும் கிழிசல். என் இடுப்பின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதனால்தான் தம்பி முதல் தடவை, "அக்கா, மோட்டார்லயே போய் ஆத்தோரம் கூடாரம் போட்டுப் படுத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டபோது, "தரையில படுத்தா மறுநாள் என்னை நீதான் தூக்கிட்டு வரணும்" என்றேன். "அப்ப கட்டில் எடுத்துக்குவோம்" என்றான்.

எடுத்தோம். சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் மத்தியானம் கண்ணயர விரித்துக்கொள்வாரே, அந்த மாதிரி இரும்புக்கால் மடக்குக் கட்டில். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. மடித்தால் 96 செ.மீ. நீளம், எடை 8 கிலோ. என் கப்சாய்க்கு, அதாவது ஹோண்டா இஎக்ஸ் 5 என்னும் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு, பின்னால் குறுக்கே வைத்துக் கட்டினோம். செம்மோர் போகும் பழைய சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முந்திக்கொண்டு போனது. கட்டிலின் நுனிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இருந்திருக்காது. அந்தக் காற்றில் வண்டி ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. சரி, உலு செப்போர் போய்ச் சேர்ந்தோம், ஆற்றோரம் கட்டிலை விரித்தோம், படுத்தோம். விடியற்காலை இரண்டு மணிக்குத் துணி 'சர்ர்' என்று கிழிந்து, என் இடுப்பு நேராகக் கல்லில் போய் உட்கார்ந்தது. தையல்காரி படுத்த கட்டில் தையல் விட்டுப்போச்சு என்று தம்பி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறான்.

அதற்கப்புறம் இரண்டு கட்டில் சொந்தமாக வாங்கிவிட்டேன். அதைவிட முக்கியம், ஊரில் கேம்பிங் போகிற பையன்கள் கிழிந்த கட்டில்களை என்னிடம்தான் தைக்கக் கொண்டுவருகிறார்கள். எது எங்கே கிழிகிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள்

கட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வண்டியை அளந்து பாருங்கள். முதல் அளவு ஹேண்டிலின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை. என் வண்டியில் அது 68 செ.மீ. இருக்கிறது. ஒரு சந்தில் நுழைய முடியுமா என்று நம் கண் ஹேண்டிலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பின்னால் கட்டிய சாமான் அதைவிட அகலமாக இருந்தால் கண் போட்ட கணக்கு தப்பாகிவிடும். ஆகவே குறுக்கே கட்டப்போகும் கட்டில் மடித்த நிலையில் 55 செ.மீ.க்குள் இருக்கட்டும். பக்கத்துக்கு ஆறேழு செ.மீ. மிச்சம் இருப்பது நல்லது.

இரண்டாவது, பின்பக்கக் கேரியரின் நீள அகலம். பெட்டி மாட்டியிருந்தால் அதன் உள்ளளவை மூலைக்கு மூலை சாய்வாகவும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நேராக நுழையாத கட்டில் சில சமயம் சாய்வாக நுழையும். மூன்றாவது, உங்கள் உயரமும் எடையும். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், கட்டில் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை.

கப்சாய் வண்டி மொத்தமே ஏறக்குறைய நூறு கிலோதான். பின் சக்கரத்துக்கும் பின்னால் எட்டுப் பத்துக் கிலோ தொங்கினால் முன் சக்கரம் லேசாகிவிடும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் அது நன்றாகத் தெரியும். ஹேண்டில் கையில் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். கட்டில், மெத்தை, போர்வை, வலை, மேலே கட்டும் கித்தான் எல்லாம் சேர்த்து 5 கிலோ என்பது என் வரம்பு.

என்னென்ன கிடைக்கிறது

குறுக்குக் கால் வைத்த உயரமான கட்டில் 40 செ.மீ.க்கு மேல் நிற்கும், நாற்காலி மாதிரி உட்கார்ந்து எழலாம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுகம். ஆனால் ஆறு முதல் ஒன்பது கிலோ. கார் வைத்திருப்பவர்கள் வாங்கட்டும்.

மோட்டாருக்கு ஏற்றது தாழ்வான கட்டில். கூடாரக் கம்பி மாதிரி, உள்ளே ரப்பர் கயிறு ஓடும் அலுமினியக் குழாய்த் துண்டுகள். இரண்டு நீளக் கம்பி துணியின் இரு ஓரத்திலும் நுழையும்; கீழே மூன்று நான்கு கம்பிகள் வில்லாக வளைந்து நின்று துணியை இழுத்துப் பிடிக்கும். தரையிலிருந்து 12 முதல் 18 செ.மீ. உயரம் இருக்கும், மடித்தால் 40 முதல் 55 செ.மீ. கொரிய நாட்டு ஹெலினாக்ஸ், அமெரிக்காவின் தெர்மாரெஸ்ட் இரண்டிலும் ஏறக்குறைய 1.2 கிலோ எடையில் கிடைக்கிறது. ஹெலினாக்ஸின் தாய்க் கம்பெனி கூடாரக் கம்பிக்கே பேர்போனது, கம்பியில் குறை சொல்ல முடியாது. விலையைக் கேட்டபோது நான்தான் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன். நேச்சர்ஹைக் போன்ற சீனத் தயாரிப்புகள் இரண்டு கிலோவுக்கு முன்பின் வரும், விலையும் எட்டுகிற தூரத்தில் இருக்கும். என்னுடைய இரண்டும் அந்த ரகம்தான். அந்த முக்கால், ஒரு கிலோ வித்தியாசம் முதுகில் சுமந்து மலையேறுபவருக்குப் பெரிய விஷயம். மோட்டாரில் போகும் நமக்கு அதற்காக மூன்று நான்கு மடங்கு பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது முப்பதுக்குள், முதுகில் கோளாறு இல்லை என்றால் கட்டிலே வேண்டாம். அரைக் கிலோவில் நல்ல காற்று மெத்தை கிடைக்கும், அது போதும். ஊஞ்சல் படுக்கை கட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: நம் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனைதான். செம்பனை நடுவதே மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு. ஊஞ்சலுக்கு நான்கைந்து மீட்டர் இடைவெளிதான் சரிப்படும். போதாததற்கு மட்டை விழும், முள் குத்தும். பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில் கட்டலாம், ஆனால் பால்மரத்தை இப்போது தேடித்தான் போகவேண்டும்.

துணியையும் தையலையும் பார்ப்பது

இங்கேதான் என் தொழில் வருகிறது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பையில் '600 டீனியர்' என்று போட்டிருப்பார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் நூலை நிறுத்தால் எத்தனை கிராம் என்பதுதான் டீனியர். எண் கூடினால் நூல் தடிமன், துணி கனம். 600 டீனியர் பாலியெஸ்டர் என்றால் பள்ளிப் பை துணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். முரட்டுத்தனமாக உழைக்கும், மெதுவாகக் காயும். விலை கூடிய கட்டில்களில் மெல்லிய நைலான் இருக்கும், குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும். முள்ளில் மாட்டி ஓட்டை விழுந்தாலும் அந்தக் கட்டத்தோடு கிழிசல் நின்றுவிடும். இரண்டும் நல்லதுதான். என்னிடம் தைக்க வந்த கட்டில்களில் நடுத் துணி கிழிந்து வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் சிகரெட் சுட்டது. மற்றதெல்லாம் ஓரத்தில், கம்பி நுழையும் குழல் மாதிரியான மடிப்பில்தான் போயிருந்தன.

ஆகவே கடையில் கட்டிலை விரிக்கச் சொல்லி அந்த ஓர மடிப்பைக் கையில் பிடியுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் தையலின் இரு பக்கமும் துணியைப் பிடித்து மெதுவாக எதிரெதிரே இழுங்கள். நூல் தெரியும் இடைவெளி, ஊசி போன துளைகள் வாய் பிளப்பது, இவை தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். என் முதல் கட்டிலில் ஒரே ஒரு வரிசைத் தையல், அதுவும் பெரிய ஊசியால் நெருக்கி நெருக்கிக் குத்தியது. நெருக்கமான தையல் பலம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கனத் துணியில் அது தபால்தலை ஓரம் மாதிரி, இங்கேதான் கிழிக்கவேண்டும் என்று வழி காட்டிவிடும். ஒரு அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல், இரண்டு வரிசை, துணியின் வெட்டு நுனி உள்ளே மடிந்திருக்கவேண்டும். ஜீன்ஸ் காற்சட்டையின் பின்பக்க நடுத் தையலைப் பாருங்கள், அதுதான் மாதிரி. குழலின் வாயில், கம்பி நுழையும் இடத்தில், குறுக்கே நெருக்கமாக ஒரு அடைப்புத் தையல் இருக்கவேண்டும். பெல்ட் மாட்டும் பட்டையின் நுனியில் நாங்கள் போடுவது போல. அது இல்லாத கட்டில் அங்கிருந்துதான் விட ஆரம்பிக்கும்.

அப்புறம் கம்பி. அலுமினியத்தில் 7 ஆயிரத்தில் தொடங்கும் எண், 7075 மாதிரி, 6061-ஐவிட உறுதி. எண் போடாத கம்பியை எடுத்துத் துண்டுகள் சேரும் வாயைப் பாருங்கள். அங்கே வெடிப்போ பிசிறோ இருந்தால் வேண்டாம். தரையில் படும் பகுதிக்கு பிளாஸ்டிக்கோ ரப்பரோ போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

'150 கிலோ தாங்கும்' என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது முழு உடம்பும் நீட்டிப் படுத்தால் தாங்கும் எடை. 80 கிலோ ஆள் ஓரத்தில் 'தொம்' என்று உட்கார்ந்தால் அத்தனையும் ஒரே கம்பியில் இறங்கும். தைக்க வரும் கட்டில்களின் கதையைக் கேட்டால் பாதிப் பேர் படுத்துக் கிழிக்கவில்லை, உட்கார்ந்து கிழித்தவர்கள். நடுவில், இரண்டு வில் கம்பிகளுக்கு மேலாக வருகிற மாதிரி மெல்ல உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு காலை ஏற்றுங்கள். எழும்போது ஒருக்களித்து ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி எழுங்கள். கட்டில் மேல் முழங்கால் போட்டு நடக்கும் பழக்கம் வேண்டாம்.

அகலம் 60 முதல் 65 செ.மீ.தான் கிடைக்கும். மல்லாந்து படுத்தால் கை வெளியே தொங்கி, ஓரக் கம்பி அழுத்தி மரத்துப்போகும். தோள் அகலமானவர்கள் கடையிலேயே ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

புதுக் கட்டிலோடு மல்லுக்கட்டுவது

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கட்டிலைக் கூடத்தில் பூட்டி இரண்டு நாள் அப்படியே வைத்துவிடுங்கள். புதுத் துணி விறைப்பாக இருக்கும். கடைசிக் கம்பியை மாட்டவே முடியாது, தப்பான அளவு கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வரும். இரண்டு நாள் இழுபட்டு நின்றால் துணி தளர்ந்து கொடுக்கும். கால் கம்பிகளை மாட்டும்போது தலைப்பக்கம் ஒன்று, கால்பக்கம் ஒன்று என்று முதலில் இரண்டு நுனியையும் முடித்துவிட்டு நடுவுக்கு வாருங்கள். நடுக் கம்பிதான் அடம் பிடிக்கும். ஒரு முனையை மாட்டிவிட்டு, கட்டிலைக் கவிழ்த்த நிலையில் முழங்காலால் கம்பியின் நடுவை அழுத்தி மறு முனையை இழுத்து மாட்டவேண்டும். நெம்புகோல் வைத்த கட்டில் என்றால் இந்தப் பாடு இல்லை. எதுவானாலும் விரல் நடுவில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் ஆள்காட்டி விரல் நகம் ஒரு தடவை கறுத்து, ஒரு வாரம் ஊசியில் நூல் கோக்கத் தம்பி மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

கீழேயிருந்து வரும் குளிர்

சுங்கை சிப்புட் மாதிரி தாழ்வான ஊர்களில் இரவு 24 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே வெறும் கட்டில் சொர்க்கம். முதுகுக்குக் கீழே காற்று ஓடும், வேர்வை தங்காது. மெத்தையே வேண்டாம். ஒரு கைலியை விரித்துப் படுத்தால் போதும்.

அதே கட்டிலை மலைக்குக் கொண்டுபோனால் அந்தக் காற்றே எதிரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. கேமரன் மலையில் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே 24 என்றால் அங்கே 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்போங் ராஜா பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் இடம் கேட்டு முதல் தடவை தங்கியபோது நல்ல ஸ்லீப்பிங் பேக் கொண்டுபோயிருந்தேன், மெத்தை கொண்டுபோகவில்லை. மேலே கதகதப்பு, கீழே ஐஸ். உடம்பு அழுத்தும் இடத்தில் பைக்குள் இருக்கும் பஞ்சு நசுங்கித் தட்டையாகிவிடுகிறது. பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுப்பது, அது நசுங்கினால் வெறும் துணிதான் மிச்சம். மூன்று மணிக்கு எழுந்து, தோட்டக்காரர் முட்டைக்கோஸ் அடுக்க வைத்திருந்த அட்டைப் பெட்டி இரண்டை அவரைக் கேட்காமலே பிரித்து முதுகுக்குக் கீழே போட்ட பிறகுதான் கண் மூடியது. காலையில் காசு கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, கோப்பி போட்டுக் கொடுத்தார்.

அதனால் மலைக்கு என்றால் கட்டில் மேல் கட்டாயம் ஒரு மெத்தை. மெத்தையில் ஆர்-எண் என்று போட்டிருக்கும், எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதன் அளவு அது. பெரிய கம்பெனிகள் இப்போது ஏஎஸ்டிஎம் என்னும் ஒரே சோதனை முறைப்படி அளப்பதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடலாம். கேமரனுக்கு 2 இருந்தால் தாராளம். விசிறி மடிப்பாக மடங்கும் நுரை மெத்தை ஏறக்குறைய அந்த அளவில், அரைக் கிலோவுக்குள் கிடைக்கும். பருமன் அதிகம், ஆனால் முள் குத்தினாலும் கவலையில்லை. காற்று மெத்தை பைக்குள் அடங்கும், ஆனால் வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஊதுவதற்கென்று வரும் பையையோ பம்பையோ பயன்படுத்துங்கள். கட்டில் மேல் வழுக்கவும் செய்யும், நான் மெத்தையின் இரு தலைப்பிலும் எலாஸ்டிக் பட்டை தைத்துக் கட்டிலோடு மாட்டிவிட்டேன். பழைய பாவாடை எலாஸ்டிக்கே போதும்.

போர்த்திக்கொள்ள

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்ப எண் இருக்கும். கம்ஃபர்ட் என்ற எண்ணை மட்டும் பாருங்கள். கடைசி எண், அதாவது எக்ஸ்ட்ரீம், உயிர் போகாமல் இருக்கும் அளவுதான், தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விற்பவர்கள் அதைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள். நம் நாட்டுக்கு கம்ஃபர்ட் 10 டிகிரி போதும். வாத்து இறகு அடைத்தது இலேசு, ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகி எதற்கும் உதவாது. நம் ஈரத்துக்குச் செயற்கைப் பஞ்சுதான் என் தேர்வு. ஜிப்பை முழுவதும் திறந்தால் போர்வை மாதிரி விரியும் ரகமாகப் பாருங்கள். தாழ்நிலத்தில் அதுவும் வேண்டாம், இரண்டு கைலி போதும்: ஒன்று விரிக்க, ஒன்று போர்த்த. தலையணைக்குத் தனியாக எதுவும் வேண்டாம், மாற்றுத் துணியைப் பையில் திணித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொசுவலை விஷயத்தில் மட்டும் சோம்பல் படாதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் பகலில், அதிலும் விடியலிலும் அந்தியிலும் கடிப்பது. இரவில் காட்டோரம் கடிப்பது வேறு ஜாதி. குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோல்சி மலேரியா நம் நாட்டில் இருக்கிறது, காட்டுக்குள் தங்குபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சாதாரண கொசுவலையில் சதுர அங்குலத்துக்கு 156 கண் இருக்கும், கொசுவுக்கு அது போதும். ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் வரும் அகாஸ் பூச்சி அதில் சிரித்துக்கொண்டே நுழையும். அதற்கு இன்னும் பொடிக்கண் வலை வேண்டும். பாவாடைக்குள் வைத்துத் தைக்கும் கேன்கேன் நெட்டைக் கொண்டுவந்து வலை தைத்துத் தரச் சொல்கிறார்கள் சில பையன்கள். அதன் கண்ணில் அகாஸ் குடும்பத்தோடு போய்வரும். வலை உடம்பில் ஒட்டாமல் தொங்கவேண்டும், ஒட்டினால் வெளியிலிருந்தே கடிக்கும். மெல்லிய கட்டில் துணி வழியாகவும் அடியிலிருந்து கடிக்கும். ஆகவே வலையைக் கட்டிலின் ஓரத்தோடு நிறுத்தாமல் தரைவரை விட்டு, கட்டிலுக்குக் கீழேயும் விரிப்பு வருகிற மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். டீட் கலந்த கொசு விரட்டி மருந்து பூசிய கையோடு ஹெல்மெட் கண்ணாடியைத் தொடவேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

மேலே கூடாரம் என்றால் உள் நீளம் 210 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். கட்டில் 190, இரு தலைப்பிலும் கூடாரம் சரிந்து இறங்குவதால் தலை ஈரச் சுவரில் முட்டும். கட்டில் கால் கூடாரத்தின் தரைத் துணியை ஓட்டையாக்காமல் இருக்க, பழைய டியூபை வெட்டிக் காலுக்குக் கீழே வையுங்கள். நான் இப்போதெல்லாம் கூடாரமே கொண்டுபோவதில்லை. 3க்கு 3 மீட்டர் கித்தான், வலை, கட்டில், அவ்வளவுதான். பெரிய ஸ்டாண்டில் நிறுத்திய மோட்டாரின் ஹேண்டிலில் கித்தானின் ஒரு பக்கத்தைக் கட்டிவிடலாம். ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைக்காவிட்டால் மழை மண்ணில் இறங்கி வண்டி உங்கள் மேல் சாயும்.

எங்கே விரிப்பது

தீபாவளி முடிந்த கையோடு கிளம்பத்தான் எனக்கு ஆசை, மெஷினுக்கும் ஓய்வு. ஆனால் அக்டோபர், நவம்பரில் மேற்குக்கரையில் சாயங்காலம் தவறாமல் இடியும் மழையும். நாம் இருக்கும் இடம் காய்ந்திருந்தாலும் மேலே மலையில் பெய்தால் ஆற்றில் கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம் வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். கட்டில் 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்ற தைரியம் மழைநீர் ஓடுவதற்குத்தான் ஆகும், ஆற்றுக்கு ஆகாது. 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன் பத்தாங் காலியில் மண் சரிந்து முகாம் இடத்தை மூடி 31 பேர் போனார்கள். அதிலிருந்து எங்கே போனாலும் நான் முதலில் தலைக்கு மேலே இருக்கும் சரிவைத்தான் பார்க்கிறேன், ஆற்றின் அழகை அப்புறம்.

செம்பனைக்குள் தங்குவது, மானேஜர் அனுமதி கொடுத்தாலும், எனக்குப் பிடிக்காது. பழம் தின்ன எலி, எலியைத் தின்ன நாகம். எலியைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள், ஆந்தை எல்லா எலியையும் முடித்துவிடுவதில்லை. எங்கே தங்கினாலும் செருப்பையும் சப்பாத்தையும் கவிழ்த்து ஹேண்டிலில் மாட்டிவிடுங்கள். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் யானைப் படம் போட்ட பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை இல்லை; அங்கே சாலையோரம் கட்டில் போடாதீர்கள்.

கட்டுவதும் காயவைப்பதும்

கனமானது கீழே, வண்டியின் நடுவை ஒட்டி. கட்டில் கேரியரில் குறுக்கே, மெத்தை அதன் மேல், கித்தான் எல்லாவற்றுக்கும் மேலே கைக்கு எட்டுகிற மாதிரி. மழையில் போய்ச் சேர்ந்தால் முதலில் அதுதான் வேண்டும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு தெறித்தால் கண்ணுக்கு வரும், பக்கிள் வைத்த நாடா இரண்டு போதும். நாடாவின் மிச்ச நுனியை மடித்துச் செருகுங்கள், தொங்கவிட்டால் சக்கரம் இழுத்துக்கொள்ளும். வலதுபுறம் புகைக்குழாய் இருப்பதை மறக்கவேண்டாம். தம்பியின் ஸ்லீப்பிங் பேக்கில் கைப்பிடி அளவுக்கு நான் போட்ட ஒட்டு இன்னும் இருக்கிறது. குவாலா கங்சார் தாண்டியதும் வாசனை வந்தது, யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே போனோம்.

பழுது பார்க்க ஒரு சின்ன டப்பா: கனமான ஊசி இரண்டு, பல் இடுக்கில் விடும் மெழுகு நூல் ஒரு சுருள், ஒட்டும் நாடா கொஞ்சம். அந்தப் பல் நூல் கட்டில் ஓரத்தைத் தைக்க என் கடை நூலைவிடப் பலம். ஓரம் விட்டுப்போனால் பழைய துளைகளிலேயே ஊசியை விடாதீர்கள், அரை செ.மீ. உள்ளே தள்ளி நல்ல துணியில் தையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலை விரித்து நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி ஒரு வாரம் விட்டால் கரும்புள்ளி விழும், அது போகவே போகாது. மெத்தையின் வால்வைத் திறந்து வையுங்கள், ஸ்லீப்பிங் பேக்கைச் சின்னப் பைக்குள் அமுக்கி வைக்காமல் அலமாரியில் தளர்வாகப் போடுங்கள்.

என் முதல் அலுமினியக் கட்டிலை அப்படித்தான் வாசல் தாழ்வாரத்தில் காயப்போட்டேன். தோட்டத்திலிருந்து வந்திருந்த அம்மா மத்தியானம் அதில் சாய்ந்தவர், அந்தக் காலத்தில் கடைவாசலில் பஞ்சாபி ஜாகா, அதாவது காவல்காரர், படுத்திருந்த கயிற்றுக் கட்டில் மாதிரியே இருக்கிறது என்றார். சாயங்காலம் மடிக்கப் போனேன். "இருக்கட்டும்மா, இன்னும் காயல" என்றார். அதனால்தான் இரண்டாவது வாங்கினேன்.